வீட்டிலேயே பக்க மிதவைப் பாய்ப்படகு கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பக்கம் மட்டும் மிதவை நீட்டிக்கொண்டிருக்கும் ஒல்லியான பாய்ப்படகு ஒன்றை வீட்டுக் கார் ஷெட்டில் கட்டினேன். அப்புறம் நண்பருக்காக இன்னொன்று. வேன் கூரையில் அதை ஏற்றிக்கொண்டு பெட்ரோல் பங்கில் நின்றாலே நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். அவர்கள் கேட்டதும், தாங்களும் கட்ட நினைத்து எனக்கு எழுதியவர்கள் கேட்டதும் இங்கே இருக்கின்றன. 16 அடி நீளத்தில், இரண்டு பேர் தாராளமாக உட்காரும் படகை மனதில் வைத்துப் பதில் சொல்கிறேன்.

கட்டுமரமும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. கட்டுமரம் மரங்களை வரிசையாகச் சேர்த்துக் கட்டிய தெப்பம். அலை மேலே ஏறி, இடுக்கு வழியாக இறங்கிப் போய்விடும். 'கட்டமரான்' என்று ஆங்கிலத்துக்குப் போனது நம் சொல்தான், ஆனால் அங்கே அது இரட்டை உடல் கொண்ட படகுக்குப் பெயராகிவிட்டது.

பக்க மிதவைப் படகுக்கு ஒரே உடல். இடுப்பளவு அகலம்கூட இருக்காது, தனியாகத் தண்ணீரில் விட்டால் உருண்டுவிடும். வரப்பில் நடக்கும்போது கையை நீட்டிச் சமாளிப்போமே, அதுபோல இரண்டு கழிகள் பக்கவாட்டில் நீள்கின்றன. அவற்றின் நுனியில் ஒரு சிறிய மிதவை. ஹவாயில் மிதவையை 'அமா' என்றும் கழியை 'இயாக்கோ' என்றும் சொல்கிறார்கள். உலகம் முழுக்கப் படகு கட்டுபவர்களிடம் 'அமா' என்றால் புரியும். இங்கே நான் மிதவை, குறுக்குக் கழி என்றே எழுதுகிறேன்.

இது எந்த ஊர்ப் படகு?

தைவான் பக்கமிருந்து பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடலில் இறங்கிய ஆஸ்திரோனேசிய மக்களின் படகு. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மேற்கே மடகாஸ்கர், கிழக்கே ஹவாய், ஈஸ்டர் தீவு, தெற்கே நியூசிலாந்து வரை அவர்கள் போய்க் குடியேறியது இத்தகைய படகுகளிலும், இவற்றின் உறவான இரட்டை உடல் படகுகளிலும்தான். பிலிப்பைன்ஸ் 'பங்கா'வுக்கு இரண்டு பக்கமும் மிதவை. பசிபிக்கின் நடுவே போகப் போக ஒரு பக்கம் மட்டும்.

மேற்குப் பசிபிக்கில் உள்ள மரியானா தீவுகளின் படகுகளை 1742ல் பார்த்த ஆங்கிலேயக் கப்பல் தளபதி ஜார்ஜ் ஆன்சனின் குழு, அவை மணிக்கு ஏறக்குறைய இருபது மைல் ஓடும் என்று எழுதி, அளவெடுத்துப் படமும் வரைந்துகொண்டு போனது. அந்தக் காலத்து ஐரோப்பியக் கப்பல் எதுவும் அந்த வேகத்தை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

நம் பக்கமும் இந்த யோசனை வராமலில்லை. இலங்கையில் சிங்கள மீனவர்களின் 'ஒருவ' ஒற்றை மிதவைப் படகு, இன்றும் பாய் விரித்து ஓடுகிறது. பாக் நீரிணையில் வத்தை என்று சொல்லும் பழைய பாய்ப்படகுகளில் மிதவை கிடையாது. காற்று வரும் பக்கம் நீளமாக ஒரு பலகையை நீட்டி, ஆள் அதன்மேல் ஏறி நின்று படகைச் சாயாமல் பிடிப்பார்.

முதல் படகுக்கு எந்த வகை நல்லது?

இதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும், ஏனென்றால் இரண்டு வகைக்கும் உடலே வேறு.

ஒரு வகையில் சாதாரணப் பாய்ப்படகு மாதிரி அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, காற்றுக்குள் திருப்பி அடுத்த பக்கம் போகலாம். அப்போது மிதவை ஒரு ஓட்டத்தில் காற்று வரும் பக்கம் இருக்கும், அடுத்த ஓட்டத்தில் காற்று போகும் பக்கம் இருக்கும். ஹவாய், தாஹிதி எல்லாம் சேர்ந்த பாலினேசியாவில் பெரும்பாலும் இதுதான். இன்னொன்று மேற்குப் பசிபிக்கின் சின்னத் தீவுகளான மைக்ரோனேசியாவின் வழி. அங்கே மிதவை எப்போதும் காற்று வரும் பக்கமே இருக்க வேண்டும். அதனால் படகு திரும்புவதில்லை. பாயின் அடி முனையைத் தூக்கி ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு எடுத்துப் போகிறார்கள், பின்பக்கம் அணியமாகிவிடுகிறது. இலங்கை ஒருவவும் இப்படித்தான் ஓடுகிறது. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி, இலங்கைப் பக்கத்துக் கப்பல்களுக்கு இரண்டு முனையும் அணியம்தான் என்று எழுதிவைத்திருக்கிறார்.

மார்ஷல் தீவுப் படகுகளின் உடலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இடமும் வலமும் ஒன்றாக இருக்காது. மிதவைப் பக்கம் வயிறு புடைத்தும், எதிர்ப்பக்கம் தட்டையாகவும் இருக்கும். மிதவை தண்ணீரில் இழுபடுவதால் அணியம் அந்தப் பக்கமே திரும்பப் பார்க்கும். உடலின் வளைவு அதை ஈடு செய்கிறது. இவ்வளவு நுட்பமான ஒன்றை முதல் படகில் முயல வேண்டாம் என்பது என் கருத்து. அணியம் திருப்பி ஓட்டும் வகையைக் கட்டுங்கள். தனியாளாகவும் ஓட்டலாம், பாயை இறக்கித் துடுப்புப் போட்டும் வீட்டுக்கு வந்து சேரலாம்.

வரைபடம் வாங்க வேண்டுமா, நானே வரையலாமா?

வாங்குங்கள். நியூசிலாந்தில் கேரி டியர்கிங் வடிவமைத்த 'வாஅபா' தொடக்கக்காரருக்கு மிகவும் பொருந்தும். தட்டை அடி, ப்ளைவுட் உடல். துண்டு துண்டாகக் கட்டி போல்ட் போட்டுச் சேர்ப்பதால் 16 அடியாகவோ 24 அடியாகவோ வைத்துக்கொள்ளலாம், மாடிப்படி வழியாகவும் இறக்கலாம். இங்கிலாந்தின் படகு வடிவமைப்பாளர் ஜேம்ஸ் வாரமும் 'மெலனேசியா' என்ற சின்னப் பக்க மிதவைப் படகுக்கு வரைபடம் போட்டிருக்கிறார். ஒரு படகு கட்டி இரண்டு பருவம் ஓட்டிய பிறகு சொந்தமாக வரையலாம்.

மரத்தைக் குடைந்து செய்தால்தானே பாரம்பரியம்?

ஹவாயில் கோவா மரம், மைக்ரோனேசியாவில் ஈரப்பலா மரம் என்று ஒவ்வொரு தீவும் தன்னிடம் இருந்த மரத்தைக் குடைந்தது. பெரிய மரம் கிடைக்காத கிரிபாட்டியின் பவளத் தீவுகளில் சின்னச் சின்னப் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்தே படகு செய்தார்கள். கையில் இருப்பதை வைத்துக் கட்டுவதுதான் அங்கே வழக்கம். இன்று 16 அடி நீளத்துக்கு நேரான முழு மரம் தேடுவதும் கஷ்டம், வெட்டுவதும் சரியில்லை. ப்ளைவுட் போதும்.

எந்த ப்ளைவுட்?

6 மில்லிமீட்டர் மரைன் ப்ளைவுட். பலகையில் ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை இருக்க வேண்டும். கடைக்காரர் ஐஎஸ் 303 காட்டி "இதுவும் வாட்டர்ப்ரூஃப்தான் சார்" என்பார், அது வீட்டு அலமாரிக்கு உரியது. முத்திரையை மட்டும் நம்பாமல் ஓரத்தையும் பாருங்கள். அடுக்குகள் ஐந்து இருக்க வேண்டும், நடுவில் எறும்பு போகிற மாதிரி ஓட்டை தெரியக்கூடாது. கையகலத் துண்டு ஒன்று வாங்கிவந்து, பாத்திரத்தில் போட்டு ஐந்தாறு மணி நேரம் கொதிக்கவிட்டு, வெயிலில் காயவைத்து, மறுபடி கொதிக்கவிடுங்கள். மூன்று முறைக்குப் பிறகும் அடுக்கு பிரியவில்லை என்றால் வாங்கலாம்.

எடையையும் கவனியுங்கள். இங்கே கிடைக்கும் 8க்கு 4 அடித் தகடு ஒன்று சுமார் 12 கிலோ வரும். தடிமன் 9 மில்லிமீட்டர் ஆனால் இன்னும் உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் படகை இரண்டு பேரால் மணலில் தூக்க முடியாது. தூக்க முடியாத படகு ஷெட்டிலேயே கிடக்கும்.

தட்டையான பலகை எப்படி வளைந்த படகாகிறது?

தையல்தான். இரண்டு தகடுகளை நீளத்துக்கு ஒட்டுவது முதல் வேலை. முனைகளை 8க்கு 1 என்ற சரிவில் இழைத்து ஒன்றின்மேல் ஒன்றை ஒட்ட வேண்டும். 6 மில்லிமீட்டர் பலகைக்குச் சரிவின் நீளம் 48 மில்லிமீட்டர். பிறகு வரைபடப்படி பக்கங்களையும் அடியையும் வெட்டி, ஓரத்தில் ஒரு சாண் இடைவெளியில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து முறுக்க வேண்டும். தரையில் கிடந்த பலகைகள் முறுக்க முறுக்க எழுந்து படகு வடிவம் கொள்ளும். இது ஒரே மாலையில் நடந்துவிடும். அன்று எங்கள் தெருவே வந்து பார்த்தது.

ஆனால் அன்றே பிசின் ஊற்றிவிடாதீர்கள். ஒரு கோடியில் நின்று ஒற்றைக் கண்ணால் பாருங்கள், படகு முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று. முன்னும் பின்னும் குறுக்கே ஒரு சட்டம் வைத்து, இரண்டும் ஒரே மட்டத்தில் தெரிகின்றனவா என்று சரிபாருங்கள். பிசின் இறுகிய பிறகு முறுக்கைத் திருத்தவே முடியாது.

உள்மூலைகளில் எபாக்சிக் கலவையை (ஹார்டனர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலந்ததும் கெட்டியாகிற பிசின் இது) விரலளவு வளைவாகப் பூசி, மேலே கண்ணாடி இழை நாடா ஒட்ட வேண்டும். கலவையின் பதம் முக்கியம். மரத்தில் முதலில் தடவுவதற்குத் தேன் பதம், எதுவும் சேர்க்காமல். மூலைக்குப் பூச, மரத்தூளோ சிலிக்கா பொடியோ சேர்த்து உளுந்து வடை மாவுப் பதம். கரண்டியைக் கவிழ்த்தால் விழக்கூடாது. விழுந்தால் மூலையில் நிற்காமல் வழிந்துவிடும்.

நம் வெயிலில் எபாக்சி சரியாக வருமா?

வரும், நாம்தான் நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். எபாக்சி இறுகும்போது தானே சூடாகும், அந்தச் சூடு இன்னும் வேகமாக இறுக வைக்கும். சித்திரை மாத மதியத்தில் அரை லிட்டர் கலக்கினேன். ஐந்தே நிமிடத்தில் டப்பா புகைந்து, பிளாஸ்டிக் இளகிச் சாய்ந்துவிட்டது. அதற்கப்புறம் மெதுவாக இறுகும் ஹார்டனர் மட்டுமே வாங்குகிறேன், நூறு நூற்றைம்பது மில்லியாகக் கலக்கி, உடனே அகலத் தட்டில் ஊற்றிக்கொள்கிறேன். அதிகாலை ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை நல்ல நேரம்.

விகிதத்தைத் தராசில் நிறுங்கள், கண்மதிப்பு உதவாது. ஹார்டனர் கூடினால் சீக்கிரம் இறுகும் என்பது தவறு, பிசுபிசுவென்று அப்படியே நிற்கும். கையுறை இல்லாமல் தொடவே கூடாது. இன்று ஒன்றும் ஆகவில்லை என்று விட்டால், ஒரு நாள் திடீரென்று கையெல்லாம் அரித்துத் தடிக்கும், அதன்பின் எபாக்சி பக்கமே போக முடியாது. இழைத்துத் தேய்க்கும்போது முகமூடியும் போடுங்கள்.

மிதவை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

ஒரு லிட்டர் கொள்ளளவு ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். 3 மீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் விட்டம் உள்ள உருளை 94 லிட்டர். இரு முனையும் கூர்மையாக்கினால் 70 சொச்சம். அணியம் திருப்பி ஓட்டும் படகில் மிதவை காற்று போகும் பக்கம் வரும்போது பாயின் தள்ளல் அதன்மேல் இறங்கும், ஆகவே இந்த அளவாவது வேண்டும். மைக்ரோனேசிய முறையில் மிதவை எடைக்கல் மாதிரி வேலை செய்வதால் அது சின்ன மரக்கட்டையாகவே இருக்கலாம்.

பிவிசி குழாயை இரண்டு பக்கமும் மூடி மாட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். மிதக்கும், ஆனால் கனம் அதிகம், வெயிலில் வளையும், அலையை வெட்டாமல் மோதும். தெர்மோகோல் கட்டையைச் செதுக்கி, மேலே கண்ணாடி இழைத் துணியும் எபாக்சியும் போர்த்துங்கள். பாலியெஸ்டர் ரெசின் மட்டும் வேண்டாம், அது தெர்மோகோலைக் கரைத்துவிடும்.

உடலுக்கும் மிதவைக்கும் நடுவே உள்ள தூரம் படகு நீளத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் சரி.

குறுக்குக் கழியைப் போல்ட் போட்டு முடுக்கிவிடலாமே, எதற்குக் கயிறு?

எல்லாரும் இதைக் கேட்கிறார்கள். எனக்குச் சொல்ல அதிகம் இருப்பதும் இதைப் பற்றித்தான்.

அலையில் உடல் ஒரு பக்கம் ஏறும்போது மிதவை வேறு பக்கம் இறங்கும். நடுவில் இருக்கும் கழி ஓயாமல் முறுகும். போல்ட் போட்டால் அந்த முறுக்கு முழுவதும் ஒரே துளையின் ஓரத்தில் போய் விழும். துளை பெரிதாகும், தண்ணீர் இறங்கும், மரம் அங்கேயே மக்கி ஒரு நாள் பிளக்கும். கயிற்றுக் கட்டு மயிரிழை கொடுத்து மறுபடி பிடித்துக்கொள்ளும். பாரம் எட்டுச் சுற்றிலும் பங்காகிறது. ஒரு சுற்று தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும், கரைக்கு வந்து மாற்றலாம். போல்ட் உள்ளே துருப்பிடிப்பது தெரியாது. 1950களில் தானே கட்டிய 23 அடிச் சொச்சம் நீள இரட்டைப் படகில் அட்லாண்டிக்கைக் கடந்த ஜேம்ஸ் வாரம், கடல் கடக்கும் தன் பெரிய படகுகளிலும் குறுக்குச் சட்டங்களைக் கயிற்றால்தான் கட்டச் சொன்னார்.

பசிபிக்கில் இதற்குத் தேங்காய் நார். மட்டையை வாரக்கணக்கில் ஊறவைத்து, நாரைப் பிரித்து, தொடையில் வைத்து உருட்டித் திரித்து, அப்புறம் பின்னுவார்கள். ஒரு படகுக்குப் பல நூறு மீட்டர் வேண்டும், மொத்த ஊரும் உட்கார்ந்து திரிக்கும். தமிழில் நாம் வீட்டையும் கட்டுகிறோம், படகையும் கட்டுகிறோம். கழியைக் கயிற்றால் இறுக்கும்போதுதான் அந்தச் சொல்லின் பொருள் எனக்குக் கையில் தெரிந்தது.

என் முதல் படகில் நான் செய்த தவறு நைலான் கயிறு. கரையில் கல் மாதிரி இறுகியிருந்தது. உப்பங்கழியில் ஒரு மணி நேரம் நனைந்ததும் முன்கழி படகின் விளிம்பில் கடக் கடக் என்று அடிக்க ஆரம்பித்தது. நைலான் நனைந்தால் நீளும், அது எனக்கு அன்று தெரியாது. பாயை இறக்கி, கழியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே துடுப்புப் போட்டுத் திரும்பினேன். பாலியெஸ்டர் கயிறு வாங்குங்கள், 4 மில்லிமீட்டர் போதும். நனைந்தாலும் நீளாது.

கட்டும் விதம் இது. கழி உட்காரும் இடத்தில் அதன் வளைவுக்கு ஏற்ப மரக்கட்டையைக் குடைந்து வையுங்கள், ஆடாமல் உட்கார வேண்டும். கயிற்றை ஈரமாக்கிக்கொண்டு கழியின் மேலும் விளிம்புக்குக் கீழுமாக எட்டுச் சுற்று. ஒவ்வொரு சுற்றையும் தனியாக இழுத்து இறுக்க வேண்டும், கடைசியில் சேர்த்து இழுப்பது பயன்படாது. ஒரு சின்னக் கட்டையில் கயிற்றைச் சுற்றி, காலை விளிம்பில் ஊன்றி இழுத்தால் கை அறுபடாது. எட்டும் முடிந்ததும், கழிக்கும் விளிம்புக்கும் நடுவே அந்தச் சுற்றுகளின் இடுப்பைச் சேர்த்துக் குறுக்கே நாலு சுற்று. முழு இறுக்கமும் இந்தக் குறுக்குச் சுற்றில்தான் வருகிறது. விரலால் தட்டினால் மத்தளத்து வார் மாதிரி ஒலிக்க வேண்டும். முதல் பயணம் முடிந்து வந்ததும் மறுபடி ஒருமுறை இறுக்குங்கள்.

பாய்க்குத் துணி எங்கே வாங்குவது?

பசிபிக்கில் தாழை ஓலையைக் கிழித்துப் பின்னிய பாயைத்தான் விரித்தார்கள். நாம் படுக்கும் பாய்க்கும் படகின் பாய்க்கும் தமிழில் ஒரே சொல் இருப்பதில் வியப்பில்லை. முதல் பாய்க்கு நல்ல தார்ப்பாய் போதும். 8 முதல் 10 சதுர மீட்டர் வரை வெட்டுங்கள். நண்டுக் கொடுக்கு வடிவப் பாய் நல்லது. இரண்டு மூங்கில்கள் ஒரு முனையில் சேர்ந்து கவையாக விரிய, நடுவே துணி. பாய்மரம் குட்டையாக இருந்தால் போதும், காற்று கூடினால் ஆஞ்சானை, அதாவது பாயை ஏற்றும் கயிற்றை, தளர்த்தி ஒரு நொடியில் கீழே இறக்கலாம்.

துணியை நேர்க்கோட்டில் வெட்டினால் பாய் தட்டையாக நின்று இழுக்காது. மூங்கிலோடு சேரும் விளிம்பை வில் போல வெளியே வளைத்து வெட்டுங்கள், 4 மீட்டர் விளிம்புக்கு நடுவில் 10 சென்டிமீட்டர் வரை. நேர் மூங்கிலில் கட்டும்போது அந்த மிச்சத் துணி நடுவில் வயிறாகிக் காற்றைப் பிடிக்கும். மூங்கில் நன்றாக உலர்ந்ததாக இருக்கட்டும். கணுவுக்குக் கணு கண்ணாடி இழை நாடாவைச் சுற்றி எபாக்சி பூசினால் வெடிக்காது. பாய்மரத்துக்குச் சவுக்குக் கம்பே போதும்.

சுக்கான் வேண்டுமா?

வேண்டாம். அகல இலை கொண்ட நீளத் துடுப்பு ஒன்றைப் பின்னால் பிடித்தே திருப்பலாம். படகு பக்கவாட்டில் நழுவாமலிருக்க, தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் ஒரு பக்கப் பலகை மட்டும் செய்துகொள்ளுங்கள்.

கவிழுமா?

கவிழும். பலத்த காற்றில் மிதவை நீரை விட்டு மேலே எழுந்து ஒரேயடியாகப் புரளலாம், அல்லது காற்று போகும் பக்கம் இருக்கும் மிதவை தண்ணீருக்குள் புதைந்து படகு அதன்மேல் சாயலாம். தாமானை, அதாவது பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை, ஒருபோதும் முடிச்சுப் போட்டுக் கட்டிவைக்காதீர்கள். கையில் இருக்கட்டும், விட்டால் பாய் காற்றை விட்டுவிடும்.

உடலின் இரண்டு கோடியிலும் தண்ணீர் புகாத அறை இருக்க வேண்டும். கவிழ்ந்தால் முதலில் பாயை அவிழ்த்துவிட வேண்டும். ஒருவர் கவிழ்ந்த உடலின் மேல் ஏறி, குறுக்குக் கழியில் கட்டிய கயிற்றைப் பிடித்து மிதவைக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து இழுக்க, இன்னொருவர் மிதவையைக் கீழிருந்து தள்ள வேண்டும். மிதவை மேலே எழுந்து தலைக்கு மேல் சுற்றி வந்து விழும், விலகிக்கொள்ளுங்கள். மார்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்துப் பத்து முறை பழகிய பிறகே ஆழத்துக்குப் போக வேண்டும்.

படகை விட்டு நீந்திப் போகாதீர்கள். கருவிகள் ஏதுமின்றி நட்சத்திரங்களையும் அலைகளையும் பார்த்து 1976ல் ஹவாயிலிருந்து தாஹிதி போய்ச் சேர்ந்த ஹோக்குலேயா என்ற இரட்டைப் படகு, 1978 மார்ச்சில் ஹவாயின் மோலோகாய் தீவுக்குத் தெற்கே கவிழ்ந்தது. அலைச்சறுக்கில் பெயர்பெற்ற எடி ஐகாவ், உதவி கொண்டுவரத் தன் பலகையில் தனியாகப் புறப்பட்டார். படகைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் அன்றிரவே மீட்கப்பட்டார்கள். எடி கிடைக்கவேயில்லை. அவரைவிடக் கடலை அறிந்தவர்கள் நம்மில் யாரும் இல்லை.

நீச்சல் தெரியாது, கட்டலாமா?

கட்டலாம். ஓட்டுவதற்கு முன் நீந்தக் கற்றுக்கொள்ளுங்கள். லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும், எப்போதும்.

எத்தனை நாள் ஆகும்?

வாரக் கடைசிகளில் மட்டும் வேலை செய்து எனக்கு எட்டு மாதம் ஆனது. அதில் உடலுக்கு இரண்டு மாதம்தான். மீதி எல்லாம் தேய்ப்பது, பூசுவது, மறுபடி தேய்ப்பது. பக்கத்தில் ஓடாவி, அதாவது படகு கட்டும் தச்சர், யாராவது இருந்தால் ஒரு நாள் கூட்டிவந்து காட்டுங்கள். என் படகின் விளிம்பை ஒருவர் கையால் தடவியே எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று சொன்னார்.

கடலில் விட அனுமதி வேண்டுமா?

இறக்கும் முன் மீன்வளத் துறை அலுவலகத்திலும், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் காவல் நிலையத்திலும் நேரில் கேளுங்கள். பாக் நீரிணையில் எல்லைக் கோடு மிகவும் பக்கம், காற்று தள்ளினால் தெரியாமலே போய்விடலாம். கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல் படையின் எண் 1554. உள்ளூர் மீனவர்களிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று எப்போது எழும், கிழக்கிலிருந்து வரும் கொண்டல் எத்தனை மணிக்கு விழும் என்று அவர்கள் சொல்வது சரியாக இருக்கும்.

பராமரிப்பு?

எபாக்சியை வெயில் தின்னும். அதன்மேல் பெயின்ட் கட்டாயம், வெளிர் நிறமாக இருந்தால் நல்லது. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி, அறைகளின் மூடியைத் திறந்து காற்றாட வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன் எல்லாக் கயிற்றுக் கட்டுகளையும் அவிழ்த்துவிடுவேன். கழியும் விளிம்பும் உரசும் இடத்தில் பெயின்ட் போயிருந்தால் அங்கே தேய்த்து, எபாக்சி பூசி, காயவிட்டு மறுபடி பூச வேண்டும். கயிற்றை அலசி நிழலில் உலர்த்தி, ஒரு முழத்துக்கு ஒரு முறை திருகிப் பார்த்து, இழை அறுந்ததை ஒதுக்குகிறேன். மிதவையும் உடலும் ஷெட்டுக் கூரையில் தனித்தனியாகத் தொங்கும், தை பிறந்ததும் மறுபடி கட்டுவோம். பழகிவிட்டால் நாலு கட்டுக்கும் சேர்த்து நாற்பது நிமிடம்.